சிம்பிடியம் ஆர்க்கிட்: உறைபனியிலிருந்து காக்க எளிய பசுமைக்குடில்

நீலகிரி மலையில் காய்கறியும் தேயிலையும் பயிரிடும் சிறு விவசாயிகளுக்கு, வீட்டுக்குப் பின்புறம் கிடக்கும் சிறிய இடத்தில் வளர்க்க ஏற்ற மலர்ச்செடி சிம்பிடியம் என்னும் ஆர்க்கிட் ஆகும். பூக்கள் செடியிலேயே ஆறு வாரம் வரை வாடாமல் இருக்கும். வெட்டித் தண்ணீரில் வைத்தாலும் இரண்டு, மூன்று வாரம் நிற்கும். ஆனால், இளங்கன்று பூப்பதற்கு மூன்று, நான்கு ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். அப்படிக் காத்திருந்து வந்த பூந்தண்டு ஜனவரி மாதத்தில் ஒரே இரவில் வெந்தது போல் கறுத்துவிடுவதும் உண்டு.

ஊட்டிக்கு அருகே ஒரு பள்ளத்தாக்கில் விவசாயி ஒருவர் மூங்கிலும் பாலிதீன் தாளும் கொண்டு குடில் அமைத்து, நாற்பது தொட்டிகள் வைத்திருந்தார். முதல் கடும் பனியிலேயே பாதிக்கு மேற்பட்ட பூந்தண்டுகள் போய்விட்டன. "ஒரு சந்துகூட இல்லாமல் அடைத்துத்தானே வைத்தேன், சார்?" என்று அவர் கேட்டார். மறுநாள் இரவு குடிலுக்குள் ஒன்றும் வெளியே ஒன்றுமாக இரண்டு வெப்பமானிகளைத் தொங்கவிட்டோம். விடியற்காலையில் பார்த்தபோது, உள்ளே இருந்ததுதான் ஒரு டிகிரி குறைவாகக் காட்டியது. வெப்பமானி பழுதாகியிருக்கும் என்று இரண்டையும் இடம் மாற்றி வைத்தார். அதற்கடுத்த நாளும் அதே கதைதான்.

இதில் வியப்பு ஒன்றும் இல்லை. மேகமற்ற, காற்றில்லாத இரவில் மண்ணும் செடியும் பகலில் வாங்கிய வெப்பத்தை வானத்தை நோக்கி இழந்துகொண்டே இருக்கும். கண்ணாடி இவ்வெப்பத்தைப் பெருமளவு தடுத்து நிறுத்தும். சாதாரண பாலிதீன் தாளோ பெரும்பகுதியை வெளியே விட்டுவிடும். வெளியில் சிறிதளவு காற்று அசைந்தாலும் மேலேயுள்ள வெப்பக் காற்று கீழே வந்து கலக்கும். அடைத்த குடிலுக்குள் அதற்கும் வழியில்லை. எனவே ஒற்றைத் தாள் மட்டும் போட்ட குடில் மழைக்கும் காற்றுக்கும் உதவுமே தவிர, உறைபனிக்கு உதவாது.

இன்னொன்றையும் மனத்தில் கொள்ள வேண்டும். சிம்பிடியம் குளிர் விரும்பும் செடி. ஆகஸ்டு முதல் அக்டோபர் வரை இரவு வெப்பநிலை 10 முதல் 14 டிகிரி சென்டிகிரேடு அளவுக்கு இறங்கினால்தான் பூந்தண்டு உருவாகும். அந்த மாதங்களில் குடிலை மூடி வைத்தால் செடி இலையாகவே வளரும். டிசம்பர், ஜனவரியில்கூட இரவில் 5 முதல் 7 டிகிரி இருந்தால் போதுமானது. அதற்குக் கீழே ஓரிரு டிகிரி இறங்கினாலும் இலை தாங்கிக்கொள்ளும். பூந்தண்டும் மொட்டும் தாங்கா. ஆகவே நமக்கு வேண்டியது வெப்பக்கூடம் அல்ல. அந்தக் கடைசி நான்கைந்து டிகிரியைக் காப்பாற்றித் தரும் குடில்தான்.

குளிர்ந்த காற்று தண்ணீரைப் போலச் சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கும். தலைக்குந்தா போன்ற தாழ்வான புல்வெளிகள் வெண்மையாகக் காணப்படும் காலையில், மேட்டில் உள்ள தோட்டங்களில் பனியே இல்லாதிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். எனவே ஓடைக்கரையிலும் பள்ளத்தின் அடியிலும் குடில் வேண்டாம். நடுச்சரிவில், வெயில் நன்கு விழும் இடமாகத் தேர்ந்தெடுக்கவும். குடிலுக்குக் கீழ்ப்புறம் அடர்ந்த வேலி இருந்தால் குளிர் காற்று அங்கேயே தேங்கும். வேலியில் இடைவெளி விட்டு அதற்குப் போக வழி செய்யவும்.

20 அடி நீளம், 12 அடி அகலம் உள்ள குடிலில் நடுவே பாதை விட்டு, இரு பக்கமும் மேடை அமைத்தால் 80 முதல் 100 தொட்டிகள் வரை வைக்கலாம். கால்களுக்கு யூகலிப்டஸ் கம்பு போதும். மண்ணில் புதையும் பகுதிக்குத் தார் பூசவும். சுற்றிலும் இரண்டடி உயரத்துக்குக் கல் சுவர் எழுப்பினால் நல்லது. வடக்குச் சுவரை மட்டும் ஆளுயரம் கட்டி, உட்புறம் கறுப்பு வண்ணம் பூசலாம். குளிர்காலத்தில் சூரியன் தெற்கே சாய்ந்து செல்வதால் அச்சுவரில் வெயில் நன்றாக விழும். தரைக்கு சிமெண்டு பூச வேண்டாம். ஈரமான மண் தரையே இரவில் வெப்பம் தரும்.

கூரைக்குப் புற ஊதாக் கதிரைத் தாங்கும் 200 மைக்ரான் தாளைப் போட்டு, அதற்கு உட்புறம் மூன்று, நான்கு அங்குல இடைவெளி விட்டு மெல்லிய தாள் ஒன்றைக் கட்டவும். இடையில் அடைபட்ட காற்றே போர்வை. இதற்கும் மேலாக, இரவில் கூரைமீது விரிக்கக் கோணிச் சாக்கால் தைத்த படுதா ஒன்று வேண்டும். ஊட்டி தாவரவியல் பூங்காவில் பனிக்காலத்தில் மலர்ச்செடிகளை மிலார் கொண்டு மூடுவதும் இதே தத்துவம்தான்: செடிக்கும் திறந்த வானத்துக்கும் இடையே ஒரு மறைப்பு.

வெப்பத்தைச் சேமிக்க மலிவான பொருள் தண்ணீர். 200 லிட்டர் இரும்பு டிரம்முக்குக் கறுப்பு வண்ணம் பூசி, நீர் நிரப்பி, வடக்குச் சுவரை ஒட்டி வெயில் படும்படி வைக்கவும். அந்த நீர் இரவில் 5 டிகிரி குளிர்ந்தால் 1,000 கிலோ கலோரி வெப்பம் வெளிப்படும். 1,000 வாட் மின் அடுப்பு ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகமாக எரிந்தால் கிடைக்கும் வெப்பம் இது. மேலே கூறிய அளவுள்ள குடிலுக்கு ஐந்தாறு டிரம்கள் வைக்கலாம்.

டிரம் இருந்தாலும் நேரம் தவறினால் பயனில்லை. வெயில் உள்ள நாளில் காலை 9 மணிக்கெல்லாம் பக்கத் திறப்புகளைத் திறந்துவிட வேண்டும். தவறினால் உள்ளே 30 டிகிரிக்கு மேல் ஏறி மொட்டுகள் உதிரும். பிற்பகல் 3 மணிக்கே மூடிவிட வேண்டும். இருட்டிய பிறகு மூடுவது, பால் பொங்கி வழிந்த பின் அடுப்பை அணைப்பது போன்றது. வெயில் இறங்கியதும் படுதாவை விரித்து, காலையில் வெயில் ஏறியதும் சுருட்டி விடவும்.

கடுங்குளிர் இரவில் சிலர் குடிலுக்குள் கரி அடுப்போ மண்ணெண்ணெய் அடுப்போ வைக்கின்றனர். இதை ஒருபோதும் செய்யக்கூடாது. அரைகுறையாக எரியும்போது வெளிவரும் எத்திலீன் வாயு மிகச் சிறிய அளவிலேயே மொட்டுகளை வாட்டிவிடும். அதனினும் கொடியது கார்பன் மோனாக்சைடு. வாசனையோ நிறமோ அற்ற இவ்வாயு, அடைத்த குடிலுக்குள் செடியைப் பார்க்க நுழைபவரின் உயிரையே வாங்கிவிடும். வெளியே ஈரச் சருகு கொளுத்திப் புகை மூட்டுவதாலும் பெரிய பயன் இல்லை. வெப்பம் வெளியேறுவதைப் புகை அதிகம் தடுப்பதில்லை.

குளிர்காலத்தில் தண்ணீரைக் குறைக்க வேண்டும். அடியில் பருத்திருக்கும் குமிழ்கள் சுருங்கும் அளவுக்குக் காயவிடவும் கூடாது. காலையில் மட்டும் ஊற்றவும். மாலையில் இலையில் ஈரம் இருந்தால் பூவிதழில் பூஞ்சாணப் புள்ளிகள் விழும். தொட்டிக்கு மரக்கரித் துண்டு, செங்கல் ஜல்லி, தேங்காய் மட்டைத் துண்டு கலந்த கலவை ஏற்றது; மண் வேண்டாம். உரத்தை வளர்ச்சி உள்ள கோடையிலும் மழைக்காலத்திலும் நீர்க்கக் கரைத்துக் கொடுத்தால் போதும்.

ஒருவேளை பனி தாக்கிவிட்டால் பதறிப் படுதாவை எடுக்காதீர்கள். உறைந்த திசு வெயில் பட்டு வேகமாக உருகினால் சேதம் அதிகமாகும். நிழலிலேயே மெதுவாகத் தெளிய விடுங்கள்.

கன்றுகளைத் திசு வளர்ப்பு முறையில் உற்பத்தி செய்யும் நம்பகமான நாற்றங்காலில் வாங்கவும், அல்லது பூத்து முடிந்த பெரிய செடியை மூன்று குமிழ்களுக்குக் குறையாமல் பிரித்து நடவும். பிரிக்கும் கத்தியை ஒவ்வொரு செடிக்கும் தீயில் காட்டினால் நச்சுயிரி நோய் பரவாது. சோலைக்காட்டு ஆர்க்கிட்டுகளைப் பெயர்த்து வர வேண்டாம். அவற்றுள் சில அருகி வருபவை. சில வன உயிரினச் சட்டத்தின் பாதுகாப்பில் உள்ளவை. சந்தைக்கு ஏற்ற கலப்பின மலர்களும் அவை அல்ல.

மொட்டு விரியும் சமயத்தில் திறப்புகளுக்குச் சன்ன வலை கட்டிவிடுங்கள். தேனீ வந்து மகரந்தச் சேர்க்கை நடந்துவிட்டால், பூவின் நாக்குப் போன்ற இதழ் சிவந்து, சில நாட்களிலேயே பூ வாடிவிடும். முதலில் இருபது தொட்டிகளும் இரண்டு டிரம்களுமாக ஒரு பனிக்காலத்தைக் கடந்து பாருங்கள். வெப்பமானியைக் கூரையில் மாட்டாமல், பூந்தண்டின் உயரத்தில் மாட்டுங்கள்.