தூத்துக்குடி போறீங்களா? அப்படியே ஸ்ரீவைகுண்டத்தையும் எட்டிப் பாருங்க!

2023 டிசம்பர் 17-ம் தேதி இரவு. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய செந்தூர் எக்ஸ்பிரஸ், ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் நின்றுவிட்டது. தொடர்ந்து செல்ல வேண்டிய பாதையில், தண்டவாளத்துக்குக் கீழிருந்த ஜல்லியையும் மண்ணையும் வெள்ளம் அரித்துக்கொண்டு போயிருந்தது. ரயிலில் இருந்தவர்கள் சுமார் 800 பேர். ஒரு பகுதியினர் பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றப்பட, மற்றவர்கள் ஸ்டேஷனிலேயே சிக்கிக்கொண்டார்கள். அப்போது கைகொடுத்தது பக்கத்திலிருந்த புதுக்குடி கிராமம். தங்கள் ஊரையும் வெள்ளம் சூழ்ந்திருந்த நிலையில், இருந்த அரிசியைப் போட்டுச் சமைத்துப் பயணிகளுக்குச் சோறு போட்டார்கள் அந்த மக்கள். ஹெலிகாப்டர் உணவு வந்தது அதற்குப் பிறகுதான்!

தூத்துக்குடிக்கு வருபவர்கள் துறைமுகம், பனிமய மாதா பேராலயம் பார்த்து, மக்ரூன் பாக்கெட்டுடன் திரும்பிவிடுவது வழக்கம். அங்கிருந்து சுமார் ஒரு மணி நேரம் பஸ்ஸில் வந்தால், வாழையும் நெல்லுமாக இந்த ஊர் வரவேற்கும்.

கள்ளருக்கும் ஒரு பெருமாள்

நவதிருப்பதிகளில் முதலாவது, சூரியனுக்குரிய தலம் ஸ்ரீவைகுண்டம். உற்சவர் பெயர் கள்ளபிரான். திருடியதில் பாதியைப் பெருமாளுக்குக் கொடுத்த திருடனைக் காப்பாற்ற, பெருமாளே கள்ளர் உருவில் அரசன் முன் போய் நின்றார் என்கிறது தலபுராணம். மதியம் நடை சாத்திவிடுவார்கள். காலையிலேயே போய்விடுவது நல்லது.

ஊரை ஒட்டியே தாமிரபரணியின் கடைசி அணைக்கட்டு. இங்கிருந்து வடகால், தென்கால் வாய்க்கால்கள் பிரிந்து வயல்களுக்குப் போகின்றன.

மண்ணுக்குள் ஓர் ஊர்

ஆற்றின் தென்கரையில் ஆதிச்சநல்லூர். அலெக்சாண்டர் ரீ 1899 முதல் நடத்திய அகழாய்வில் முதுமக்கள் தாழிகள், தங்கப் பட்டங்கள், இரும்புக் கருவிகள் எல்லாம் கிடைத்தன. தோண்டிய குழிகளை அப்படியே விட்டு, மேலே கண்ணாடித் தளம் போட்டிருக்கிறார்கள். காலுக்குக் கீழே தாழிகளைப் பார்க்கலாம்.

ஆற்றோடு கிழக்கே போனால், நம்மாழ்வார் அவதரித்த ஆழ்வார்திருநகரி. இன்னும் கிழக்கே, பாண்டியரின் முத்துத் துறைமுகமான கொற்கை. ஆறு கொண்டுவந்த மண் சேர்ந்து சேர்ந்து, கடல் இன்று சில கிலோமீட்டர் தள்ளிப் போய்விட்டது. தூத்துக்குடியிலும் முத்துக்குளிப்பு 1961-ஓடு நின்றுபோனது.

முத்து போனாலும், விருந்தோம்பல் போகவில்லை. செந்தூர் எக்ஸ்பிரஸில் அன்று வந்தவர்களைக் கேட்டால் சொல்வார்கள்!