கோல் அடிக்கும் பிள்ளைக்கு ஒப்பந்தம் படிக்கவும் தெரிய வேண்டும்

கடந்த வாரம் எங்கள் தொலைக்காட்சிக் கலந்துரையாடலில் விளையாட்டுத் துறையில் நம் இளைஞர்களின் எதிர்காலம் குறித்துப் பேசினோம். நிகழ்ச்சி முடிந்து ஒலிவாங்கியைக் கழற்றிக்கொண்டிருந்தேன். பார்வையாளர் வரிசையில் இருந்த ஒருவர் மெதுவாக என்னிடம் வந்தார். லுக்குட் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் லோரி ஓட்டுபவராம்.

"தம்பி, எல்லாரும் நல்லாத்தான் பேசுனீங்க. என் மகனுக்குப் பதினேழு வயசு. முன்னுக்கு நின்னு ஆடுறவன். ஒரு குழுவில கூப்பிடுறாங்க. இந்த வருசம் எஸ்பிஎம் வேற. அனுப்புறதா, வேணாமா? அதை மட்டும் யாரும் சொல்லலையே" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. நானும் லுக்குட் தோட்டத்துப் பிள்ளைதான். மாலை ஐந்து மணிக்கு வெயில் தாழ்ந்ததும் கோயிலுக்குப் பின்னால் இருந்த திடலில்தான் எங்கள் பொழுது போகும். இரண்டு மூங்கில் கழிகள்தான் கோல் கம்பம். அந்தத் திடலில் ஆடிய எல்லாருக்கும் ஒரே ஆசைதான். முன்னால் நிற்க வேண்டும், கோல் அடிக்க வேண்டும், பெயர் நாளிதழில் வர வேண்டும். அந்தத் தந்தைக்கு அன்று என்னால் முழுப் பதில் சொல்ல முடியவில்லை. இன்று இங்கே சொல்கிறேன்.

முதலில் நாம் எல்லாரும் அறிந்த ஓர் இளைஞரை எடுத்துக்கொள்வோம். தாக்குதல் ஆட்டக்காரர் என்.தனபாலன். 1995-ஆம் ஆண்டு பிறந்தவர். 2017-ஆம் ஆண்டு கோலாலம்பூர் சீ விளையாட்டுப் போட்டியில் பயிற்றுநர் ஓங் கிம் சுவீயின் குழுவில் இடம்பெற்றார். ஆகஸ்டு 26-ஆம் தேதி ஷா ஆலம் அரங்கில் இந்தோனேசியாவுடன் அரையிறுதி. ஆட்டம் முடியச் சில நிமிடங்களே இருந்தபோது, மூலையிலிருந்து வந்த பந்தைத் தலையால் முட்டி வலைக்குள் தள்ளினார். மலேசியா 1-0 என்று வென்றது. அன்றிரவு தோட்டம், தாமான் என்று எங்கும் அந்தப் பெயர்தான் பேச்சு.

அடுத்த மூன்றாம் நாள் இறுதியாட்டம். தாய்லாந்திடம் 0-1 என்று தோற்றோம். அந்த ஒரே கோலும் நம் கோல் காவலரின் கையில் பட்டு நம் வலைக்குள்ளேயே போனது. தங்கம் நழுவியது. மூன்று நாளில் கொண்டாட்டம் கண்ணீரானது.

ஆனால் தனபாலன் அதோடு நின்றுவிடவில்லை. 2018 ஜனவரியில் சீனாவில் 23 வயதுக்குட்பட்டோருக்கான ஆசியக் கிண்ணப் போட்டி நடந்தது. மலேசியா அதற்குத் தகுதி பெற்றது அதுவே முதல் முறை. காலிறுதியில் தென் கொரியா முதல் நிமிடத்திலேயே கோல் போட்டுவிட்டது. 67-ஆவது நிமிடத்தில் அதைச் சமன் செய்தவர் தனபாலன். 85-ஆவது நிமிடத்தில் கொரியா மீண்டும் கோல் அடித்து 2-1 என்று வென்றது. தோற்றாலும் கொரியாவை அந்த அளவுக்குத் திணறடித்த குழு என்று நாடே பாராட்டியது.

இது வரைக்கும் உள்ள கதை நம் எல்லாருக்கும் தெரியும். தெரியாத பக்கம் ஒன்று உண்டு. இந்தோனேசியாவுக்கு எதிராக அந்தக் கோலை அடித்த ஆண்டில் தனபாலன் ஆடிய குழு ஃபெல்டா யுனைடெட். மறு ஆண்டே, 2018-இல், அந்தக் குழு சூப்பர் லீக்கில் இல்லை. இரண்டாம் நிலையான பிரிமியர் லீக்கில் ஆடியது. அங்கே வெற்றியாளராகி மேலே ஏறியது. 2020 பருவம் முடிந்ததும் சூப்பர் லீக்கை விட்டே விலகிக்கொண்டது. அதாவது, ஓர் ஆட்டக்காரரின் திறமை அப்படியே இருக்கும்போது அவர் நின்ற மேடையே காணாமல் போகலாம்.

இது ஒரு குழுவின் கதை மட்டுமல்ல. இந்திய ஆட்டக்காரர்களுக்கு வாய்ப்புத் தர வேண்டும் என்று மலேசிய இந்தியர் காற்பந்து சங்கமான மீஃபா வளர்த்த குழுதான் பின்னர் பெட்டாலிங் ஜெயா சிட்டி ஆனது. 2019-இல் சூப்பர் லீக்கில் நுழைந்த அது, 2022 பருவத்தோடு விலகியது. 2025-26 பருவத்தில் பேராக், கெடா போன்ற பழம்பெரும் பெயர்களே சூப்பர் லீக்கில் இல்லாமல் போயின. காரணம் பெரும்பாலும் ஒன்றுதான், பணம்.

சரி, தாக்குதல் ஆட்டக்காரருக்கு மட்டும் என்ன தனிச் சிரமம் என்று நீங்கள் கேட்கலாம். குழுக்கள் வெளிநாட்டிலிருந்து ஆளை வாங்கும்போது முதலில் தேடுவது கோல் அடிப்பவரைத்தான். நம் நாட்டில் 2009 முதல் 2011 வரை வெளிநாட்டு ஆட்டக்காரர்களுக்குத் தடை இருந்தது. அந்தக் காலத்தில், 2010-இல் அஷாரி சம்சுடின், 2011-இல் அப்துல் ஹாடி யாஹ்யா என்று உள்ளூர்க்காரர்களே சூப்பர் லீக்கில் அதிக கோல் அடித்தனர். 2012-இல் கதவு மீண்டும் திறந்தது. அதன் பின் 2018-இல் ருஃபினோ செகோவியா, 2021-இல் இஃபெடாயோ, 2022-இல் பெர்க்சன் என்று அந்தப் பட்டியலின் உச்சியில் வெளிநாட்டுப் பெயர்களாகவே வந்தன. உள்ளூர்ப் பையன் ஒன்று மாற்று ஆட்டக்காரராக உட்கார வேண்டும், அல்லது விளிம்புப் பக்கம் போய் ஆட வேண்டும். தற்காப்பு ஆட்டக்காரர் பத்து ஆட்டம் ஒழுங்காக ஆடினால் இடம் உறுதி. முன்னால் நிற்பவன் ஐந்து ஆட்டம் கோல் அடிக்காவிட்டால் பயிற்றுநரின் கண் அடுத்தவன் மேல் போய்விடும்.

என் திடல் தோழன் ஒருவன் இதை அனுபவித்தவன். எங்களில் அவன்தான் கெட்டிக்காரன். எஸ்பிஎம் முடிக்காமலே ஒரு குழுவுக்குப் போனான். ஓராண்டு ஒப்பந்தம். மலாயில் எழுதியிருந்த தாள்களைப் படிக்காமலே கையெழுத்துப் போட்டான். நான்காம் மாதம் சம்பளம் தாமதமானது. ஆறாம் மாதம் முழங்கால் போனது. சிகிச்சைச் செலவு யார் பொறுப்பு என்று அந்தத் தாளில் ஒரு வரிகூட இல்லை. அவனுடைய அம்மா சங்கிலியை அடகு வைத்துத்தான் அறுவைச் சிகிச்சை நடந்தது. அவனிடம் திறமை குறைவு என்று நான் சொல்லமாட்டேன். கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்க அவன் பக்கத்தில் யாரும் இல்லை, அவ்வளவுதான்.

ஆகவே பெற்றோர்களே, கையெழுத்துக்கு முன் நான்கு விஷயங்களைப் பாருங்கள்.

ஒன்று, காலம். அனைத்துலகக் காற்பந்து சம்மேளனமான ஃபீஃபாவின் விதிப்படி தொழில்முறை ஒப்பந்தம் பொதுவாக ஐந்தாண்டுக்கு மேல் போகக்கூடாது. 18 வயது நிரம்பாதவருக்கு மூன்றாண்டுதான் உச்சம். அதற்கு மேல் கட்டிப்போடுகிறேன் என்று யாராவது தாளை நீட்டினால் சந்தேகப்படுங்கள்.

இரண்டு, சம்பளம். எத்தனை ரிங்கிட் என்று மட்டும் பார்க்காதீர்கள். எந்தத் தேதியில் வரும், ஊழியர் சேமநிதியும் சொக்சோவும் கட்டுவார்களா என்றும் கேளுங்கள். இரண்டு மாதச் சம்பளம் நின்றுபோனால், எழுத்து மூலம் அறிவித்துக் குறைந்தது 15 நாள் அவகாசம் கொடுத்து, அப்போதும் வராவிட்டால் ஒப்பந்தத்தை முறிக்க ஆட்டக்காரருக்கு நியாயமான காரணம் உண்டு என்று ஃபீஃபா விதி சொல்கிறது. கோபத்தில் பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டால் அந்த உரிமை பலவீனமாகிவிடும். கடிதம் எழுத வேண்டும், அதன் நகலை வைத்திருக்க வேண்டும்.

மூன்று, காயம். சிகிச்சை யார் செலவு, ஓய்வில் இருக்கும் மாதங்களுக்குச் சம்பளம் உண்டா என்பது தாளில் இருக்க வேண்டும். வாய்ச்சொல் போதாது.

நான்கு, துணை. மலேசியத் தொழில்முறைக் காற்பந்து ஆட்டக்காரர்களுக்கென்று பிஎஃப்ஏஎம் என்ற சங்கம் இருக்கிறது. சம்பளப் பாக்கி போன்ற வழக்குகளில் ஆட்டக்காரர்கள் பக்கம் நிற்கும் சங்கம் அது. பிரச்சினை வந்த பிறகு தேடாமல், முன்பே போய் ஒப்பந்தத்தைக் காட்டி விவரம் கேளுங்கள்.

எஸ்பிஎம் பற்றி ஒரு வார்த்தை. அதை ஆட்டத்துக்குப் போட்டியாக நினைக்காதீர்கள். முப்பது, முப்பத்திரண்டு வயதில் கால் ஓய்ந்த பிறகு பயிற்றுநர், உடற்பயிற்சியாளர், உடற்கல்வி ஆசிரியர் என்று எந்த வழியில் போனாலும் முதலில் கேட்பது அந்தச் சான்றிதழைத்தான். தேர்வுக்குச் சில மாதம் பொறுக்கச் சொன்னால், உண்மையாகவே பையன் வேண்டும் என்று நினைக்கும் குழு பொறுக்கும். பொறுக்க முடியாது என்று சொன்னால், காயம்பட்ட நாளில் அந்தக் குழு எப்படி நடந்துகொள்ளும் என்பதை நீங்களே யோசித்துப் பாருங்கள்.

அந்தத் தந்தையின் கைபேசி எண்ணை அன்றே வாங்கி வைத்திருந்தேன். இதை எழுதும் முன் அழைத்தேன்.

"அண்ணே, அனுப்புங்க. ஆனா பரீட்சை முடியட்டும். அந்தத் தாளை என்கிட்ட ஒரு தடவை காட்டுங்க, உக்காந்து படிப்போம்" என்றேன்.

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "மலாய்ல இருக்கு தம்பி. அவனையே சத்தமா படிக்கச் சொல்றேன். அவன்தானே கையெழுத்துப் போடப் போறான்" என்றார்.

தனபாலனுடைய கோலைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் இன்று எத்தனையோ திடல்களில் ஓடிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களை நிறுத்தாதீர்கள். ஓடச் சொல்லுங்கள். அதோடு அந்தத் தந்தை சொன்னதுபோல், தாளைச் சத்தமாகப் படிக்கவும் சொல்லுங்கள். அடுத்த வாரம் சந்திப்போம்.