சாந்தியின் வெள்ளிப் பதக்கம் எங்கே?

கோட்டைப்பட்டினம் கடற்கரையில் விடியற்காலையில் வெறுங்காலோடு ஓடிப் பழகும் பிள்ளைகளைப் பார்க்கும்போதெல்லாம், இதே புதுக்கோட்டை மாவட்டத்தின் கத்தக்குறிச்சியில் ஓடத் தொடங்கிய சாந்தி சௌந்தரராஜன் நம் நினைவுக்கு வருகிறார்.

1981-இல் தலித் குடும்பத்தில் பிறந்தவர் அவர். பெற்றோர் செங்கல் சூளைத் தொழிலாளர்கள். ஐந்து பிள்ளைகளில் மூத்தவர். ஓட்டத்தைக் கற்றுத்தந்தவர் தாத்தா. 800, 1500, 3000 மீட்டர் என நடுத்தரத் தூரத்திலும் நெடுந்தூரத்திலும் தேசிய அளவில் வென்றார். 2005-இல் தென்கொரியாவில் நடந்த ஆசியத் தடகளப் போட்டியில் 800 மீட்டரில் வெள்ளி வாங்கினார். 2006 டிசம்பரில் தோஹா ஆசிய விளையாட்டில் அதே தூரத்தை 2 நிமிடம் 3.16 விநாடியில் கடந்து மீண்டும் வெள்ளி வாங்கினார்.

சில நாட்களிலேயே பாலினப் பரிசோதனையைக் காரணம் காட்டி அந்தப் பதக்கத்தைப் பறித்தார்கள். சாந்தி ஊக்கமருந்து உட்கொள்ளவில்லை, யாரையும் ஏமாற்றவில்லை. பிறவியில் அமைந்த உடலையே குற்றமாக்கினார்கள். ஒரு பெண்ணின் அந்தரங்கம் ஊர் உலகமெல்லாம் பேசுபொருளானது.

அன்றைய முதல்வர் கலைஞர் பரிசை நிறுத்தவில்லை. 15 லட்சம் ரூபாய் வழங்கினார். அந்தப் பணத்தைக் கொண்டு புதுக்கோட்டையில் பிள்ளைகளுக்கு இலவசப் பயிற்சி தந்தார் சாந்தி. ஆனால் 2012-இல் அவரே சூளையில் 200 ரூபாய் தினக்கூலிக்குச் செங்கல் சுமந்தார்.

2009-இல் தென்னாப்பிரிக்காவின் காஸ்டர் செமன்யாவுக்கும் இதே சோதனை வந்தது. அவருடைய நாடு அவர் பக்கம் நின்றது; உலகத் தங்கம் அவரிடமே இருக்கிறது. ஒடிசாவின் துத்தி சந்துக்காக இந்திய அரசும் துணைநின்றது. 2015-இல் சர்வதேச விளையாட்டு நடுவர் மன்றம் அந்த விதியையே நிறுத்திவைத்தது. சாந்திக்காக மட்டும் அன்று எந்தச் சங்கமும் வழக்காடவில்லை. சூளைக் கூலியின் மகள், சேரிப்பெண் என்பதால்தானே கேட்க ஆளில்லை என்று எண்ணிவிட்டார்கள்?

நெடிய போராட்டத்துக்குப் பின் 2016-இல் தமிழக அரசு அவருக்குத் தடகளப் பயிற்சியாளராக நிரந்தரப் பணி தந்தது. பணி கிடைத்தது, பதக்கம் கிடைக்கவில்லை. பதிவேட்டில் அவர் பெயர் அடிக்கப்பட்டே இருக்கிறது.

அதைத் திரும்பக் கேட்க வேண்டியது சாந்தி மட்டுமல்ல, மாநில அரசும் இந்தியத் தடகளச் சம்மேளனமும்தான். கேட்க வைக்க வேண்டியவர்கள் நாம். நாளை நம் கடற்கரையிலிருந்து ஒரு மகள் தோஹாவுக்குப் போனால், அவள் தனியாக நிற்கக் கூடாது.