நம் வரிப்பணமும் ஆப்பிரிக்கப் போர்களும்

நீலசந்திராவில் நான் குடியிருக்கும் தெருவில், "பட்டாளத்துத் தாத்தாவோடு பெங்களூர் வந்தோம்" என்று சொல்லும் தமிழ்க் குடும்பங்கள் உண்டு. அந்தப் பட்டாளம் மதராஸ் சாப்பர்ஸ். அல்சூர் ஏரிக்கரையில் அதன் தலைமையகம் இன்றும் இருக்கிறது. அதன் வீரர்களுக்குத் 'தம்பி' என்றே செல்லப்பெயர்.

அந்தப் படையின் போர் விருதுகளைப் படித்தபோது மூன்று பெயர்கள் என்னை நிறுத்தின: அபிசீனியா, தெல்-எல்-கெபிர், சுவாகின். மூன்றும் ஆப்பிரிக்காவில் உள்ளவை. தமிழனுக்கு அங்கே என்ன வேலை? அந்த வேலைக்குக் கூலி கொடுத்தது யார்?

எத்தியோப்பியாவின் அன்றைய பெயர்தான் அபிசீனியா. அதன் பேரரசர் தியோடர் சிறைவைத்திருந்தவர்களை மீட்க, ராபர்ட் நேப்பியர் தலைமையில் 1867-இல் இந்தியாவிலிருந்து படை சென்றது. 1868 ஏப்ரலில் மக்தலாக் கோட்டை வீழ்ந்தது. செலவு ஏறத்தாழ 90 லட்சம் பவுன். கூடுதல் செலவை பிரிட்டன் ஏற்றது. சிப்பாய்களின் வழக்கமான சம்பளமோ இந்தியக் கருவூலத்தின் தலையில் விழுந்தது. 1866-இல்தான் ஒரிசாவிலும் சென்னை மாகாணத்தின் கஞ்சம் மாவட்டத்திலும் மக்கள் பஞ்சத்தில் மடிந்திருந்தார்கள்.

அபிசீனியாவை ஆங்கிலேயர் வைத்துக்கொள்ளவில்லை. எகிப்தை விடவில்லை. 1882-இல் தெல்-எல்-கெபிரில் உராபி பாஷாவின் படை தோற்றதும் நாடு அவர்கள் பிடிக்குள் வந்தது. அந்தப் போர்ச் செலவிலும் இந்தியாவுக்கு ஒரு பங்கு! 1885-இல் சூடானின் சுவாகின் துறைமுகத்துக்கும் நம்மவர்கள் போனார்கள். 1896-இல் மீண்டும் இந்தியப் படை அங்கே சென்றபோது, செலவை நம்மீது சுமத்தியதை இந்திய அரசாங்கமே ஆட்சேபித்தது. பலிக்கவில்லை.

ஆங்கிலேயரிலும் நியாயம் பேசியவர்கள் இருந்தார்கள். காசு கொடுக்காமல் ஆள் எடுக்கும் பட்டாளக் குடியிருப்பாக இந்தியாவை நினைக்கக் கூடாது என்று, பிற்காலத்தில் பிரதமரான சாலிஸ்பரி 1867-லேயே பார்லிமெண்டில் சொன்னார்.

நம் தரப்பிலும் குரல் எழுந்தது. இந்தியச் செலவுகளை ஆராய்ந்த வெல்பி கமிஷனில் தாதாபாய் நௌரோஜி உறுப்பினர். 1897-இல் அதன்முன் லண்டனில் சாட்சியம் அளித்தவர்களில் ஒருவர் திருவையாற்றுக்காரர், 'சுதேசமித்திரன்' தொடங்கிய ஜி. சுப்பிரமணிய ஐயர். அடிமை நாட்டின் பணத்தில் இன்னொரு நாட்டை அடிமையாக்கும் கணக்கை அவர் தலைமுறை புரிந்துகொண்டிருந்தது.

பிறகு காலம் மாறியது. நிறவெறிச் சட்டங்களைக் கண்டித்து, 1946-இல் தென்னாப்பிரிக்காவுடன் வாணிபத்தை முதலில் நிறுத்திய நாடு இந்தியாதான். அன்று நமக்கு முழு விடுதலைகூடக் கிடைத்திருக்கவில்லை.

தாத்தாக்களின் வீரத்துக்கு இதனால் குறைவில்லை. அவர்கள் வயிற்றுப்பாட்டுக்காகக் கடல் கடந்தவர்கள். ஆனால் பிள்ளைகளுக்கு அவர்கள் பதக்கங்களைக் காட்டும்போது, அந்தச் செலவுக் கணக்கையும் சேர்த்துச் சொல்லுங்கள்.