திருப்பூர் மாடியில் ஓரியன் நெபுலா

மார்கழி மாதம் இரவு எட்டு மணிக்குக் கிழக்கே பார்த்தால் மூன்று விண்மீன்கள் ஏறக்குறைய ஒன்றன்மேல் ஒன்றாக ஒரே கோட்டில் நிற்கும். அவற்றுக்கு இடப்புறம் செம்மையாக மின்னுவது திருவாதிரை. வலப்புறம், தென்திசையில், மங்கலான சிறு கொத்து ஒன்று தெரியும். அதன் நடுவில் இருப்பது விண்மீன் அல்ல, விண்மீன்கள் பிறக்கும் வாயு மண்டலம். ஓரியன் நெபுலா, அல்லது எம்42 என்று பெயர். சுமார் 1,350 ஒளியாண்டு தொலைவு. இன்று நம் கண்ணுக்கு வந்து சேரும் அதன் ஒளி, காஞ்சியில் பல்லவர்கள் ஆண்ட காலத்தில் கிளம்பியது.

இதைப் படமெடுக்க ஜவ்வாது மலையில் காவலூரில் உள்ளதைப்போல 2.34 மீட்டர் தொலைநோக்கி தேவையில்லை. நைட் ஷிப்ட் விளக்குகள் அணையாத திருப்பூரில், வீட்டு மொட்டை மாடியிலிருந்தே எடுக்கலாம். காரணம், நெபுலா ஒளிரும் விதம்.

அதன் மையத்தில் டிரபீசியம் என்ற இளம் விண்மீன் கூட்டம் இருக்கிறது. அதில் மிகப் பெரியது வீசும் புற ஊதாக் கதிர்கள், சுற்றியுள்ள ஹைட்ரஜன் அணுக்களிலிருந்து எலக்ட்ரான்களைப் பிய்த்துவிடுகின்றன. பிரிந்தவை மறுபடி சேரும்போது 656.3 நானோமீட்டர் அலைநீளத்தில் சிவப்பு ஒளி வெளிவருகிறது. ஆக்சிஜன் 500.7 நானோமீட்டரில் நீலப்பச்சை தருகிறது. ஏற்றுமதி பனியன் துணிக்கு ஷேடு பார்க்கும் லைட் பாக்ஸ் திருப்பூர்க்காரர்களுக்குப் பழக்கம். அதில் பகல் வெளிச்ச விளக்கு எல்லா நிறங்களையும் கலந்து தரும்; டிஎல்84 குழல் விளக்கோ சில குறுகிய பட்டைகளில்தான் பெரும்பாலான ஒளியைக் கொட்டும். தெருவிலுள்ள வெள்ளை எல்இடி முதல் ரகம். நெபுலா இரண்டாவது ரகம், அதைவிடவும் குறுகியது. ஆகவே அந்த இரண்டு அலைநீளங்களை மட்டும் விடும் இரட்டைப் பட்டை ஃபில்டரைக் கேமராவுக்கு முன்னால் வைத்தால், ஊர் வெளிச்சத்தின் பெரும்பகுதி வெளியிலேயே நின்றுவிடும். விண்மீன்களின் இயல்பான நிறம் கெடுவது அதற்கு நாம் கொடுக்கும் விலை.

நெபுலாவை முதன்முதலில் படமெடுத்தவர் நியூயார்க் மருத்துவர் ஹென்றி டிரேப்பர். 1880 செப்டம்பர் 30 அன்று 51 நிமிடம் தகட்டைத் திறந்து வைத்தார். 1883-ல் லண்டன் அருகே ஈலிங்கில், தன் வீட்டுத் தோட்டத்தில் நிறுத்திய 36 அங்குலத் தொலைநோக்கியால் ஆண்ட்ரூ காமன் என்ற பொறியாளர் எடுத்த படத்தில், கண்ணுக்கு எட்டாத விண்மீன்களும் பதிந்தன. இந்தியாவில் புனேயின் மகாராஜா தக்தசிங்ஜி வானாய்வகத்தில் காவஸ்ஜி நாகம்வாலா இதே நெபுலாவின் நிறமாலையை ஆராய்ந்தார். 1912-ல் அது மூடப்பட்டபின் அங்கிருந்த 20 அங்குலத் தொலைநோக்கி கொடைக்கானலுக்கு வந்தது.

தொலைநோக்கியில் கண்ணை வைத்துப் பார்த்தால் நெபுலா சாம்பல் புகையாகத்தான் தெரியும். மங்கிய ஒளியில் நம் கண்ணுக்கு நிறம் பிரித்தறியத் தெரியாது. ஒளியைச் சேர்த்து வைக்கவும் முடியாது. கேமராவால் முடியும். ஆனால் பூமி நான்கு நிமிடத்துக்கு ஒரு பாகை சுழல்வதால், தொலைநோக்கி அசையாமல் நின்றால் விண்மீன்கள் கோடாக இழுபடும். சுழற்சிக்கு ஈடாகத் திருப்பும் மவுண்ட் வேண்டும். அதன் அச்சைத் துருவ விண்மீனை நோக்கி வைக்க வேண்டும். அங்கேதான் நம்மூரில் சிக்கல்: திருப்பூரிலிருந்து அது அடிவானத்துக்கு மேல் 11 பாகையில்தான் நிற்கும். பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டியே மறைத்துவிடும். வானத்தின் வேறொரு பகுதியைப் படமெடுத்து அச்சைச் சரிசெய்யும் மென்பொருள்கள் இப்போது உள்ளன. மறுபக்கம் நமக்கு ஒரு கொடுப்பினையும் உண்டு. உச்சிக்கு வரும்போது நெபுலா இங்கே 73 பாகை உயரம் ஏறும். லண்டனில் 33 பாகைதான். உயர ஏற ஏறக் காற்றின் தூசும் கலக்கமும் குறையும்.

ஒரே படத்தில் எல்லாம் வந்துவிடாது. ஒரு நிமிடப் படங்கள் நூறு எடுத்து, டீப்ஸ்கைஸ்டாக்கர், சிரில் போன்ற இலவச மென்பொருளில் அடுக்கினால், நெபுலாவின் ஒளி அப்படியே இருக்க, புள்ளிப் புள்ளியான இரைச்சல் பத்தில் ஒரு பங்காகும். இரைச்சல் படங்களின் எண்ணிக்கையின் வர்க்கமூல விகிதத்தில் குறைவதுதான் கணக்கு. சென்சார் சூடேறினாலும் இரைச்சல் கூடும். அதைக் கழிக்க, லென்ஸ் மூடியைப் போட்டபடி அதே நேர அளவில் சில இருட்டுப் படங்கள் எடுத்துக்கொள்ள வேண்டும். டிரபீசியம் பகுதி மிகப் பிரகாசம் என்பதால் அதற்குத் தனியாக இரண்டு, மூன்று நொடிப் படங்கள் தேவை. சாதாரணக் கேமராவுக்குள் இருக்கும் ஃபில்டர் ஹைட்ரஜன் சிவப்பில் பெரும்பகுதியைத் தடுக்கும். அதனால்தான் பலர் அதைக் கழற்றி மாற்றுகிறார்கள். இத்தனையும் தானே செய்யும் ஸீஸ்டார் எஸ்50 போன்ற 50 மில்லிமீட்டர் கருவிகளும் வந்துவிட்டன.

காலத்தையும் பார்க்க வேண்டும். ஆடியில் தனுசு ராசியின் லகூன் நெபுலா நன்றாக உயரும். ஆனால் பாலக்காட்டுக் கணவாய் வழியே மேகமும், பல்லடம், உடுமலைக் காற்றாலைகளைச் சுழற்றும் காற்றும் வந்து தொலைநோக்கியை நடுங்க வைக்கும். ஆருத்ரா தரிசனத்தின்போது முழுநிலா வானத்தை வெளுக்கச் செய்யும். மழை ஓய்ந்த தை, மாசி அமாவாசைகளே தோது. பனி படிந்து லென்ஸ் மங்காமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

எடுத்த எடுப்பில் தொலைநோக்கி வாங்க வேண்டாம். 50 மில்லிமீட்டர் லென்ஸ் உள்ள கேமராவை முக்காலியில் பொருத்தி, ஐந்து நொடிப் படங்கள் ஐம்பது எடுத்து அடுக்கிப் பாருங்கள். அந்தக் கொத்தின் நடுவே இளஞ்சிவப்புத் திட்டு தெரிந்தால், அடுத்த செலவைப் பற்றி அப்போது யோசிக்கலாம்.