கொழுப்பு மாத்திரையும் தொடை வலியும்

"கொலஸ்டிரால் மாத்திரை போட ஆரம்பித்ததில் இருந்து தொடையெல்லாம் ஒரே வலி. நிறுத்திவிட்டேன்."

இப்படிச் சொல்பவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. சாம்பியன் ரீப்ஸ் போன்ற இடத்தில் இதில் இன்னொரு சிக்கலும் சேர்ந்துகொள்கிறது. 3 கிலோ மீட்டருக்கு மேல் ஆழமான சுரங்கத்தில் வேலை பார்த்த உடம்புக்கு வலி புதிது அல்ல. 2001-ம் ஆண்டு பிப்ரவரி 28-ந் தேதி சுரங்கம் மூடப்பட்ட பிறகு, பிள்ளைகள் தினமும் ரெயிலில் பெங்களூர் போய் வருகிறார்கள். நின்றுகொண்டே போய், நின்றுகொண்டே திரும்புகிறவர்களுக்குக் கால் வலிக்காமல் என்ன செய்யும்?

எது உழைப்பின் வலி, எது மாத்திரையின் வலி? இதைப் பிரித்துப் பார்த்தே ஆகவேண்டும். ஏனென்றால் மாத்திரையை விட்டால் சில வாரங்களில் கொழுப்பு பழைய அளவுக்கே ஏறிவிடும். அது வலிக்காது, வெளியே தெரியாது. ஏற்கனவே மாரடைப்பு வந்தவருக்கும் 'ஸ்டென்ட்' வைத்தவருக்கும் அதுதான் ஆபத்து.

பூஞ்சையில் பிறந்த மருந்து

இந்த மாத்திரைகளுக்கு 'ஸ்டாட்டின்' என்று பெயர். அட்டோர்வாஸ்டாட்டின், ரோசுவாஸ்டாட்டின் எல்லாம் இந்தக் குடும்பம்தான். ஜப்பான் விஞ்ஞானி அகிரா எண்டோ ஆயிரக்கணக்கான பூஞ்சைகளைச் சோதித்து, 1973-ல் அரிசியில் வளர்ந்த ஒரு பூஞ்சையில் முதல் ஸ்டாட்டினைக் கண்டுபிடித்தார். (அவர் 2024-ல்தான் காலமானார்.) 1987-ல் அமெரிக்காவில் முதல் மாத்திரை விற்பனைக்கு வந்தது. கல்லீரல் கொழுப்பு தயாரிப்பதை இது தடுக்கிறது. உடனே கல்லீரல் தனக்கு வேண்டிய கொழுப்பை ரத்தத்தில் இருந்து இழுத்துக்கொள்கிறது. நல்ல அளவில் கொடுத்தால், 'எல்.டி.எல்.' என்ற கெட்ட கொழுப்பு பாதியாகக் குறையும்.

வெறும் மாத்திரையிலும் வலி!

லண்டன் டாக்டர்கள் ஒரு வேடிக்கையான சோதனை செய்தார்கள். பக்க விளைவு தாங்காமல் ஸ்டாட்டினை நிறுத்திய 60 பேரை அழைத்தார்கள். ஆளுக்கு 12 புட்டி கொடுத்தார்கள். நாலில் ஸ்டாட்டின். நாலில் மருந்தே இல்லாத வெறும் மாத்திரை. நாலு புட்டி காலி! மாதம் ஒரு புட்டி. எது மருந்து, எது வெறும் மாத்திரை என்று அவர்களுக்குச் சொல்லவில்லை. உடம்பு எப்படி இருக்கிறது என்று தினமும் குறித்துவந்தார்கள்.

முடிவு 2020-ல் வெளியானது. ஸ்டாட்டின் மாதத்தில் வந்த தொல்லையில் 90 சதவீதம், வெறும் மாத்திரை மாதத்திலும் வந்திருக்கிறது! காலிப் புட்டி மாதத்தில் தொல்லை குறைவு. தங்கள் குறிப்பைத் தாங்களே பார்த்த பிறகு, அவர்களில் பாதிப்பேர் மீண்டும் ஸ்டாட்டின் போடத் தொடங்கினார்கள்.

1 லட்சத்து 23 ஆயிரத்துக்கு மேற்பட்டவர்களிடம் நடந்த 19 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து, 2022-ல் ஒரு கணக்கு வெளிவந்தது. ஸ்டாட்டின் சாப்பிட்டவர்களில் தசை வலி சொன்னவர்கள் 27.1 சதவீதம். வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களில் 26.6 சதவீதம்.

இதைப் படித்துவிட்டு "எல்லாம் உன் மனப்பிரமை" என்று வீட்டுக்காரரை மடக்கிவிடாதீர்கள். வலி பொய் அல்ல. காரணம்தான் வேறாக இருக்கலாம். தைராய்டு குறைந்தால் தசையும் வலிக்கும், கொலஸ்டிராலும் ஏறும். 'வைட்டமின் டி' குறைவாலும் வலி வரும். ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும்.

உண்மையான ஆபத்து

மாத்திரையால் வரும் நிஜமான தொல்லையும் உண்டு. 'செரிவாஸ்டாட்டின்' என்ற மருந்து தசையை அழித்துச் சிறுநீரகத்தைக் கெடுத்து உயிர்களைப் பலி வாங்கியதால், 2001 ஆகஸ்டில் வாபஸ் பெறப்பட்டது. இன்றுள்ள மாத்திரைகளில் அது மிக அபூர்வம். ஆனாலும் கடுமையான தசை வலியோடு காபி டிகாக்‌ஷன் நிறத்தில் சிறுநீர் போனால், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். சர்க்கரை வியாதியின் விளிம்பில் இருப்பவர்களுக்குச் சர்க்கரை சற்று ஏறலாம்.

சுரங்கத் தூசியால் நுரையீரல் கெட்டவர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும். இருமலுக்குக் கொடுக்கும் கிளாரித்ரோமைசின், எரித்ரோமைசின் மாத்திரைகள் சில ஸ்டாட்டின்களின் அளவை ரத்தத்தில் ஏற்றிவிடும். கொழுப்பு மாத்திரை சாப்பிடுவதை முதலிலேயே டாக்டரிடம் சொல்லுங்கள்.

வேறு வழி என்ன?

வலிக்கிறது என்றால் டாக்டர் 'சி.கே.' என்ற ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்வார். அவரே சில வாரம் நிறுத்திப் பார்க்கலாம், அளவைக் குறைக்கலாம், வேறு ஸ்டாட்டின் மாற்றலாம், ஒருநாள் விட்டு ஒருநாள் கொடுக்கலாம். ரோசுவாஸ்டாட்டின் ஆசியர்கள் ரத்தத்தில் கூடுதலாகத் தங்குவதால், குறைந்த அளவில் தொடங்கும்படி அமெரிக்க மருந்துத் துறையே சொல்லியிருக்கிறது. எனவே "குறைத்துத் தர முடியுமா?" என்று கேட்பதில் தப்பே இல்லை.

'எசெட்டிமைப்' குடலில் கொழுப்பு சேர்வதைத் தடுக்கும். 'பெம்பிடோயிக் ஆசிட்' ஸ்டாட்டின் ஒத்துக்கொள்ளாத சுமார் 14 ஆயிரம் பேரிடம் சோதிக்கப்பட்டு, மாரடைப்பு போன்ற ஆபத்துகளைக் குறைத்தது 2023-ல் தெரியவந்தது. ஆனால் யூரிக் ஆசிட் ஏறும். மூட்டு வாதம் உள்ளவர்களுக்குச் சிரமம். 6 மாதத்துக்கு ஒரு முறை போடும் ஊசியும் வந்திருக்கிறது. விலைதான் நமக்கு எட்டாது.

நாட்டு மருந்தான குக்குலுவை நம்பி ஸ்டாட்டினை விடுகிறவர்களுக்கு ஒரு செய்தி. 2003-ல் அமெரிக்காவில் 103 பேரிடம் சோதித்ததில், அது கெட்ட கொழுப்பைக் குறைக்கவில்லை, சற்றே ஏற்றியது. எண்ணெய்ப் பலகாரம் குறைப்பதும் நடப்பதும் நல்லதுதான். ஆனால் மாரடைப்பு வந்தவருக்கு அது மட்டும் போதாது.

சுரங்கம் ஓடியவரை கம்பெனி ஆஸ்பத்திரி இருந்தது. இப்போது கோலார் ஜில்லா ஆஸ்பத்திரிக்கோ, பெங்களூர் ஜெயதேவா இருதய ஆஸ்பத்திரிக்கோ போனால் ஒரு நாள் சம்பளம் போகும். அந்த ஒரு நாள் வீணாகாமல் இருக்க, மாத்திரை அட்டைகள், பழைய ரிப்போர்ட், வலி எந்தத் தேதியில் எங்கே தொடங்கியது என்ற குறிப்பு மூன்றையும் கையோடு கொண்டுபோங்கள். ஐந்து நிமிடத்தில் டாக்டர் முடிவு சொல்ல அவை வேண்டும்.

ராத்திரியில்தான் போடவேண்டுமா என்று பலர் கேட்கிறார்கள். சிம்வாஸ்டாட்டினை ராத்திரியில் போடுவது நல்லது. அட்டோர்வாஸ்டாட்டின், ரோசுவாஸ்டாட்டின் இரண்டையும் எந்த நேரத்திலும் போடலாம். அதிகாலை ரெயிலுக்கு ஓடும் அவசரத்தில் மறந்துபோகிறவர்கள், வீடு திரும்பி இரவுச் சாப்பாடு முடிந்ததும் போட்டுக்கொள்ளலாம்.