தகரத்தின் கீழே கிடுகு

கச்சான் காற்று வீசும் நாட்களில் மாவடிப்பள்ளியின் தகரக் கூரை வீடுகளில் நண்பகலில் கண்ணயர்தல் அரிது. வெயிலிற் காய்ந்த தகரம் தன் வெப்பத்தைக் கீழே வீசுவதே காரணம். கிடுகு வேய்ந்த வீடோ குளிர்ந்திருக்கும். ஓலைப் பின்னலுள் அடைபட்ட காற்று வெப்பத்தை எளிதிற் கடத்தாது.

ஆதலால், அக்கிடுகையே தகரத்தின் கீழும் பரப்பலாம். குடும்பத்தார் கூடிச் செய்யக்கூடிய வேலை இது. தென்னோலையைப் பிளந்து, சில நாள் நீரில் ஊறவைத்து, பின்னி உலர்த்த வேண்டும். கூரையின் ஒழுக்குகளை முதலில் அடைத்து, தகரத்துக்குக் கீழே ஒரு சாண் இடைவெளி விட்டு, வளைகளின் மேல் கம்புகள் வைத்துக் கட்டுதல் நன்று. சூடான காற்று வெளியேற இருபுறமும் வழி வேண்டும்.

ஒன்றை மறத்தலாகாது: உலர்ந்த ஓலை நெருப்புக்கு இரை. அடுப்படியின் மேலும் மின்கம்பிகளின் அருகிலும் கிடுகு கூடாது. குளிர்ச்சியை நாடி, உறங்கும் குழந்தையின் தலைக்கு மேல் தீயை அழைத்தல் அறிவாகாது.